நூற்றுமானம் மதிப்பெண் அன்று

மதிப்பெண் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இருக்கும் செல்வாக்கு வேறு எந்தச் சொல்லுக்கும் இல்லை. விடைத்தாள் வீட்டிற்கு வந்தவுடன் "எத்தனை?" என்பது முதற் கேள்வி, "யார் முதல்?" என்பது அடுத்த கேள்வி. நூற்றுக்கு முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி, அதற்குக் கீழே தோல்வி, தொண்ணூறைத் தாண்டினால் பாராட்டு. இந்தப் பழக்கம் நம் மனத்தில் ஆழமாக வேரூன்றிவிட்டது. அதனால் நூறு என்ற எண்ணோடு தொடர்புடைய எதைக் கண்டாலும் அதை மதிப்பெண்ணாகவே படித்துவிடுகிறோம்.

குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் அளந்து மருத்துவர்கள் சொல்லும் 'பெர்சென்டைல்' என்ற எண்ணுக்கும் இந்தக் கதியே நேர்ந்திருக்கிறது. "உங்கள் மகள் உயரத்தில் பதினைந்தாவது பெர்சென்டைலில் இருக்கிறாள்" என்று மருத்துவர் சொன்னால் தாயின் முகம் வாடிவிடுகிறது. "தொண்ணூறு" என்று சொன்னால் மலர்ந்துவிடுகிறது. பதினைந்து என்று கேட்ட தாய் அன்று மாலையே 'உயரமாக வளர' என்று விளம்பரம் செய்யப்படும் மாவு டப்பாவை வாங்கி வருகிறார். தொண்ணூறு என்று கேட்ட தாய் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு மகளை அளந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை என்று இருந்துவிடுகிறார். முதல் தாயின் கவலை வீணாகலாம். இரண்டாம் தாயின் நிம்மதி ஆபத்தாகவே முடியலாம். இந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை, ஒரு பெண்கள் பள்ளி இதை எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பவை குறித்து என் கருத்தைப் பெற்றோர் முன்னும் மாணவியர் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரிசையில் ஓர் இடம்

பெர்சென்டைலைக் கணிதப் பாடநூல்கள் நூற்றுமானம் என்று அழைக்கின்றன. அதைப் புரிந்துகொள்ளப் பெரிய கணக்கு எதுவும் வேண்டியதில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாம் உயர வரிசைப்படி நிற்கிறோம் அல்லவா? அதைப் போலவே, ஒரே வயதுடைய நலமான நூறு சிறுமிகளைக் குட்டையானவர் முதல் நெட்டையானவர் வரை வரிசையாக நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். பதினைந்தாம் நூற்றுமானம் என்றால் அந்த வரிசையில் ஏறத்தாழப் பதினைந்து பேர் அவளைவிட உயரம் குறைந்தவர்கள், மற்றவர்கள் உயரம் கூடியவர்கள் என்பதே பொருள். அதற்கு மேல் அந்த எண்ணில் வேறு செய்தி ஒன்றுமில்லை. பதினைந்தாம் இடத்தில் நிற்பவள் ஐம்பதாம் இடத்தில் நிற்பவளைவிட நலம் குன்றியவள் என்று அந்த எண் சொல்வதில்லை. ஏனெனில் அந்த நூறு பேருமே நலமானவர்கள்.

ஐம்பது என்பது தேர்ச்சி மதிப்பெண்ணும் அன்று. அது வரிசையின் நடு இடம். "என் மகள் ஐம்பதுக்கு மேல் வரவேண்டும்" என்று எல்லாத் தாய்மார்களும் விரும்பினால், வரிசையில் நிற்கும் நூறு பேரும் பின்பாதியில் நிற்க வேண்டும் என்றாகிவிடும். அது எப்படி நடக்கும்? எத்தனை குவளை பால் குடித்தாலும் வரிசைக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருந்தே தீரும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சிறுவர்களுக்குத் தனி அட்டை, சிறுமிகளுக்குத் தனி அட்டை. ஒவ்வொரு வயதுக்கும் தனி வரிசை. ஆகவே பிறந்த நாள் சரியாகத் தெரியாமல் நூற்றுமானம் பார்ப்பது அடியில்லாத அளவுகோலால் அளப்பதை ஒக்கும். பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டி எழுதும் வழக்கம் முன்பு நம் ஊர்களில் பரவலாக இருந்தது. ஒன்பது வயதுச் சிறுமியைப் பத்து வயது என்று எழுதிவிட்டால், நன்றாக வளரும் குழந்தையும் அட்டையில் பின்தங்கியவளாகவே தெரிவாள்.

கண் காணாததைக் கோடு காட்டும்

"பெற்ற தாய்க்குத் தெரியாத வளர்ச்சியா? இதற்கு அட்டை எதற்கு?" என்று மூத்தவர்கள் சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் தினந்தோறும் பார்க்கும் கண்ணுக்கு வளர்ச்சி தெரிவதில்லை. வளர்ச்சி நின்றுபோனாலும் தெரிவதில்லை. கோடை விடுமுறையில் வரும் அத்தைதான் "அடே, எவ்வளவு வளர்ந்துவிட்டாள்!" என்று வியக்கிறார். மெலிவை வேண்டுமானால் கண் கண்டுகொள்ளும். வயதுக்கேற்ற உயரம் இல்லாமல், ஆனால் பூசினாற்போல் இருக்கும் குழந்தையைக் கண் ஏமாந்து 'நன்றாக இருக்கிறாள்' என்றே சொல்லும்.

இந்த உண்மையை முதலில் தாளில் வரைந்து காட்டியவர் பிரான்சு நாட்டுப் பிரபு ஒருவர். மோன்பேயார் என்னும் அவர் 1759இல் பிறந்த தம் மகனை ஏறத்தாழ ஆறு மாதத்திற்கு ஒருமுறை அளந்து, 1777 வரை, அதாவது பதினெட்டு ஆண்டுகள், குறித்துவைத்தார். அவருடைய நண்பரான இயற்கை அறிஞர் பஃபோன் அந்தக் குறிப்புகளைத் தம் நூலில் வெளியிட்டார். ஒரே குழந்தையின் முழு வளர்ச்சியையும் தொடர்ந்து காட்டிய பழைய பதிவாக இன்றும் அறிஞர்கள் அதனையே போற்றுகின்றனர். நூறாண்டுகளுக்குப் பின் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பௌடிச் என்ற மருத்துவர் பள்ளிக் குழந்தைகள் பல்லாயிரம் பேரை அளந்தார். இங்கிலாந்தின் கால்ட்டன் வகுத்த நூற்றுமான முறையைக் கொண்டு 1891இல் அவர் அந்த அளவுகளை வரிசைப்படுத்தி வெளியிட்டார். ஒரு குழந்தையின் பாதையைக் காட்டியது முதல் பதிவு. பல குழந்தைகளின் வரிசையைக் காட்டியது இரண்டாவது. இன்று மருத்துவர் மேசையில் இருக்கும் வளர்ச்சி அட்டை இவ்விரண்டும் சேர்ந்ததே. நாம் வரிசையை மட்டும் பார்த்துவிட்டுப் பாதையை மறந்துவிடுகிறோம் என்பதே என் குறை.

ஒரு சோறு பதமாகாது

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. சமையலறையில் அது சரி. குழந்தையின் வளர்ச்சிக்கோ ஒரு நாள் எடுத்த ஓர் அளவு பதமாகாது. இதை விளக்க இரு சிறுமிகளைக் கற்பனை செய்துகொள்வோம்.

முதல் சிறுமிக்கு ஏழு வயதில் உயரம் 111 செ.மீ.; எட்டு வயதில் 116; ஒன்பதில் 121½; பத்தில் 127. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டையில் பத்து வயதுச் சிறுமிகளின் நடு உயரம் 138½ செ.மீ. அளவில் இருக்கிறது. ஆக இவள் நூற்றுமானம் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில், வரிசையின் தொடக்கத்திலேயே நிற்கிறாள். வகுப்பில் முதல் வரிசை இவளுடையது, பட்டப்பெயரும் இவளுக்குத்தான். ஆனால் ஆண்டுதோறும் ஐந்து, ஐந்தரை சென்டிமீட்டர் தவறாமல் வளர்ந்து, தன் கோட்டைவிட்டு விலகாமல் செல்கிறாள். பெற்றோரும் உயரம் குறைந்தவர்கள், உணவும் விளையாட்டும் ஒழுங்காக இருக்கின்றன என்றால் இவளைப் பற்றி அஞ்சுவதற்கு ஏதுமில்லை.

இரண்டாம் சிறுமிக்கு ஏழு வயதில் உயரம் 126 செ.மீ.; எட்டில் 129; ஒன்பதில் 131½; பத்தில் 134. முதல் சிறுமியைவிட இவள் இன்றும் ஏழு சென்டிமீட்டர் உயரம். யாரும் இவளைக் குள்ளம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அட்டையில் புள்ளி வைத்துப் பாருங்கள். ஏழு வயதில் எண்பதாம் கோட்டிற்கு மேல் நின்றவள், பத்து வயதில் இருபத்தைந்தாம் கோட்டருகே வந்துவிட்டாள். மூன்று ஆண்டுகளில் எட்டு சென்டிமீட்டர்தான் வளர்ந்திருக்கிறாள். ஐந்து வயதுக்கும் பருவ வளர்ச்சி தொடங்கும் வயதுக்கும் இடையில் ஆண்டுக்கு ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் வளர்வதே பொதுவான வழக்கம். இவளை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தால் உயரம் தேங்கி எடை மட்டும் ஏறக்கூடும். நாட்பட்ட குடல் நோயும் சிறுநீரக நோயும்கூட முதலில் உயரத்திலேயே தம்மைக் காட்டிக்கொள்வதுண்டு.

இவ்விருவரையும் பத்து வயதில் ஒரே ஒருமுறை அளந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நலமாக வளரும் முதல் சிறுமியைப் பிடித்துச் சிகிச்சைக்கு அனுப்பியிருப்போம்; கவனிக்க வேண்டிய இரண்டாம் சிறுமியைத் தட்டிக்கொடுத்து வகுப்பிற்கு அனுப்பியிருப்போம். நூற்றுமானத்தை மதிப்பெண்ணாகப் படிப்பதன் விளைவு இதுவே.

கொட்டாம்பட்டி காட்டிய வழி

இந்தப் பாடத்திற்காக நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 1980இல் உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை ஊர்தோறும் ஒரு பெண் ஊழியர் மாதந்தோறும் எடை போட்டு அட்டையில் குறித்தார். மெலிந்த குழந்தைகளுக்கு உதவியதோடு அத்திட்டம் நிற்கவில்லை. எந்தக் குழந்தையின் எடை போதிய அளவு ஏறாமல் நின்றதோ, அந்தக் குழந்தையையும் உடனே சேர்த்துக்கொண்டு, குறைந்தது தொண்ணூறு நாட்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்தது. தாய்க்கும் விளக்கம் சொன்னது. கோடு மீண்டும் மேல்நோக்கி ஏறியதும் உணவை நிறுத்தியது. குழந்தை வற்றிப்போகும் வரை காத்திராமல், வற்றத் தொடங்கும் முதல் மாதத்திலேயே கைகொடுத்த முறை அது. கடுமையான ஊட்டக்குறைவு அந்த வட்டாரங்களில் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததைப் பின்னர் நடந்த மதிப்பீடுகள் காட்டின.

அதற்கும் முன்பே, டேவிட் மார்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் ஆப்பிரிக்காவின் நைஜீரியாவில், இமேசி-இலே என்ற ஊரில் பணிபுரிந்தபோது ஓர் எளிய வளர்ச்சி அட்டையை உருவாக்கினார். அந்த அட்டையை அவர் மருத்துவமனை அலமாரியில் பூட்டிவைக்காமல் தாயின் கையிலேயே கொடுத்தார். படிக்காத தாயும் கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்துச் சொல்ல முடிந்தது. இன்று நம் அங்கன்வாடிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தாய்மார்களுக்குத் தரப்படும் தாய்-சேய் நல அட்டை அந்த மரபில் வந்ததே. ஆனால் குழந்தை ஐந்து வயதாகிப் பள்ளிக்கு வந்தவுடன் அந்த அட்டை அரிசிப் பானைக்கு மேலுள்ள பரணுக்குப் போய்விடுகிறது. வளர்ச்சி என்னவோ அன்றோடு நின்றுவிடுவதில்லை.

யாருடைய குழந்தைகளின் அட்டை?

இனி ஒரு நியாயமான ஐயத்தைப் பார்ப்போம். "அட்டையில் இருக்கும் கோடுகள் யாருடைய குழந்தைகளை அளந்து போட்டவை? அமெரிக்கக் குழந்தைகளோடு நம் குழந்தைகளை ஒப்பிடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. இக்கேள்வியால் ஒரு காலத்தில் உண்மையாகவே தீங்கு நேர்ந்தது. 1977இல் அமெரிக்காவில் வெளியான அட்டையை உலகம் முழுவதும் பல ஆண்டுகள் பயன்படுத்தினார்கள். அதிலிருந்த கைக்குழந்தைகளின் அளவுகள் ஒஹாயோ மாநிலத்து ஓர் ஆய்வில் எடுக்கப்பட்டவை. அக்குழந்தைகளில் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்தவர்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் சில மாதங்களுக்குப் பின் அவர்களைவிடச் சற்று மெதுவாகவே எடை ஏறுவார்கள். அது இயல்பு. ஆனால் அட்டையைப் பார்த்தவர்களுக்கு அது குறையாகத் தோன்றியது. தாய்ப்பால் போதவில்லை என்று எண்ணிப் புட்டிப்பாலுக்கு மாற இது வழிவகுத்தது.

இக்குறையை நீக்கவே உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்தது. இந்தியாவில் தெற்கு டெல்லிக் குழந்தைகள் அதில் சேர்ந்தார்கள். தாய்ப்பால் கிடைத்து, நோய்த்தடுப்பும் நல்ல சூழலும் அமைந்து, தாய் புகைபிடிக்காத வீட்டில் வளர்ந்த குழந்தைகள் அவர்கள். ஐந்து வயது வரை ஆறு நாட்டுக் குழந்தைகளின் உயரமும் வியக்கத்தக்க வகையில் ஒத்திருந்தது. 2006இல் வெளியான அந்த அட்டையே இன்று நம் அங்கன்வாடிகளில் உள்ளது. ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் இந்தியக் குழந்தைகளின் அளவுகளைக் கொண்டே தனி அட்டை வெளியிட்டது. அப்போது உடற்பருமன் மிகுந்தவர்களின் அளவுகளை விலக்கிவிட்டார்கள். இல்லாவிட்டால் பருமனே இயல்பு என்று அட்டை சொல்லத் தொடங்கிவிடும். ஆகவே எந்த மருத்துவரிடம் சென்றாலும், எந்த அட்டையில் குறித்தார் என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு முறை ஓர் அட்டையிலும் மறு முறை வேறோர் அட்டையிலும் குறித்தால், வளராத மாற்றம் வளர்ந்ததுபோல் தோன்றும்.

"நம் இனமே குட்டை" என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர்களுக்கும் இந்த ஆறு நாட்டு அளவு விடை சொல்கிறது. நலமான நூறு குழந்தைகளில் மூன்று பேர் மூன்றாம் கோட்டிற்குக் கீழே இருப்பது இயற்கை. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35.5 பேரும், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 25 பேரும் அந்தக் கோட்டை ஒட்டிய எல்லைக்குக் கீழே, வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தைந்து பேர்! அவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் இயற்கையால் அங்கே நிற்கவில்லை. குறைந்த உணவும், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும், தாயின் இரத்தச்சோகையும் அவர்களை அங்கே நிறுத்தின. ஒரு குழந்தையைப் பற்றி ஒரே அளவில் உறுதியாக எதுவும் சொல்ல இயலாத அட்டை, ஒரு சமுதாயத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றி உண்மையைச் சொல்லிவிடுகிறது.

பெண் குழந்தை என்பதால்

இது ஒரு பெண்கள் பள்ளியின் மலர் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "பெண்தானே, கொஞ்சம் குட்டையாக இருந்தால் என்ன?" என்ற பேச்சு நம் வீடுகளில் இன்றும் கேட்கிறது. மகன் வளரவில்லை என்றால் மருத்துவரிடம் ஓடுகிறவர்கள், மகள் வளரவில்லை என்றால் மாப்பிள்ளை பார்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். முட்டை ஒன்றே இருந்தால் அது அண்ணனுக்கு, குழம்பு தங்கைக்கு. இந்த ஓரவஞ்சனைக்கு அட்டையில் இடமில்லை. சிறுமியின் புள்ளி சிறுமிகளின் வரிசையில்தான் வைக்கப்படுகிறது. "பெண் பிள்ளை அப்படித்தான் இருப்பாள்" என்று சொல்ல அங்கே வழியில்லை.

பெண்களுக்குக் காலமும் குறைவு. சிறுமிகளின் வேகமான வளர்ச்சி பத்து வயதையொட்டித் தொடங்கி, பதினொன்று, பன்னிரண்டு வயதளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டு சென்டிமீட்டர் என்ற உச்சத்தை எட்டுகிறது. சிறுவர்களுக்கு இது இரண்டு ஆண்டுகள் பின்னாலே வரும். பூப்பெய்திய பின் பெரும்பாலான சிறுமிகள் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் வரையே வளர்கிறார்கள். பிறகு எலும்பின் வளர்முனைகள் மூடிக்கொள்கின்றன. அதன்பின் எந்த மாவும், எந்த மாத்திரையும், கம்பியில் தொங்குவதும் ஓர் அங்குலத்தைக்கூடத் தரமாட்டா. ஆகவே ஆறாம் வகுப்பில் கவனிக்காததைப் பத்தாம் வகுப்பில் கவனித்துப் பயனில்லை. பெண் குழந்தைகளில் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு பேரில் ஒருவருக்குப் பிறவியிலேயே எக்ஸ் நிறப்புரி ஒன்று முழுதாகவோ பகுதியாகவோ இல்லாமற்போகிறது. டர்னர் குறைபாடு என்று அதற்குப் பெயர். பள்ளிப் பருவத்தில் அதன் முதல் அறிகுறி உயரக்குறைவாகவே இருக்கலாம். சிறுவயதிலேயே கண்டால் சிகிச்சையால் உயரம் கூடும். இதயத்தையும் சோதித்துக் காக்கலாம். பெண்தானே என்று விட்டுவிட்டால் வயது கடந்தபின்தான் தெரியவரும்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூப்பெய்தும் பருவத்தில் சிறுமிகளின் உடலில் கொழுப்பு சேர்வது இயற்கையின் ஏற்பாடு. அதைக் கண்டு அஞ்சிக் காலை உணவைத் தள்ளுகிற மாணவியர் இருக்கிறார்கள். பெரியவர்களுக்கான உடற்பருமக் குறியீட்டு எண்ணை, அதாவது எடையை உயரத்தின் இருமடியால் வகுத்து வரும் எண்ணை, எடுத்துக்கொண்டு தம்மைத் தாமே தீர்ப்பிடுகிறார்கள். பெரியவர்களுக்கு 18½க்குக் கீழே என்றால் மெலிவு. ஆனால் பத்து வயதுச் சிறுமியின் நடு அளவே ஏறத்தாழ 16½தான். குழந்தைகளுக்கு இந்த எண்ணையும் வயதுக்குரிய அட்டையில் வைத்தே படிக்க வேண்டும். உயரம் ஒரு கோட்டில் சீராகச் செல்லும்போது எடை மட்டும் கோடுகளைத் தாண்டி மேலே ஏறுகிறது என்றால் உணவையும் விளையாட்டையும் கவனிக்க வேண்டும். எடை மட்டும் கீழே இறங்குகிறது என்றால் அதைவிட விரைவாகக் கவனிக்க வேண்டும். அட்டை காட்டாததும் உண்டு. அதே தேசிய ஆய்வில், பதினைந்து முதல் பத்தொன்பது வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தச்சோகை இருந்தது. ஐம்பதாம் கோட்டில் நிற்கும் மாணவியும் அவர்களுள் ஒருத்தியாக இருக்கக்கூடும். கீரைக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் நூற்றுமானம் ஈடாகாது.

பள்ளி செய்ய வேண்டியது

மருத்துவப் பரிசோதனை நாளன்று பல பள்ளிகளில் நடப்பதை நாம் அறிவோம். வகுப்பு முழுவதும் வரிசையில் நிற்கும். ஒருவர் எடையை உரக்கச் சொல்லுவார். மற்றொருவர் பேரேட்டில் எழுதுவார். அதிக எடையுள்ளவளுக்கு ஒரு சிரிப்பு, குறைந்த எடையுள்ளவளுக்கு ஒரு சிரிப்பு. அந்த எண் முன்னேற்ற அறிக்கையின் ஒரு மூலையில் ஏறும். பெற்றோர் கையெழுத்திடுவார்கள். அவ்வளவே. அந்தச் சிரிப்பு மட்டும் மாணவியின் மனத்தில் ஆண்டுகள் பல தங்கிவிடும். உபயோகமான செய்தி வீடு போய்ச் சேராமல், உபயோகமற்ற செய்தி வகுப்பு முழுவதும் பரவுகிற ஏற்பாடு இது. இதை மாற்றப் பெருஞ்செலவு வேண்டியதில்லை.

பள்ளி திறக்கும் ஜூனிலும், பொங்கல் முடிந்து ஜனவரியிலும் என ஆண்டுக்கு இருமுறை அளக்கலாம். காலை வேளையிலேயே இரு முறையும் அளக்க வேண்டும். மாலையில் முதுகெலும்பு சற்றே அமுங்கி உயரம் குறைந்து காட்டும். காலணிகளைக் கழற்ற வேண்டும். மடித்துக் கட்டிய சடையும் ரிப்பனும் உச்சந்தலைக்கு மேல் எழுந்து நின்றால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பொய்யாகக் கூடும். ஆகவே அவற்றைத் தளர்த்திவிட வேண்டும். குதிகால், இடுப்பு, தோள் சுவரைத் தொட, பார்வை நேராக இருக்க, தலைமேல் ஒரு பலகையைச் செங்குத்தாக வைத்துப் படிக்க வேண்டும். எடைக்கருவியைத் தெரிந்த எடை ஒன்றை வைத்து முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். அளவே தவறானால் அட்டை என்ன செய்யும்?

அளப்பது திரைக்குப் பின்னால், ஒருவர் பின் ஒருவராக நடக்கட்டும். எண்ணை உரக்கச் சொல்ல வேண்டாம். கரும்பலகையில் எழுத வேண்டாம். வகுப்பின் 'முதல்' என்று எவரையும் பாராட்டவும் வேண்டாம். முதல் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரு மாணவிக்கு ஒரே அட்டை; ஒவ்வோர் ஆண்டும் அதில் இரண்டு புள்ளிகள். அது முன்னேற்ற அறிக்கையோடு தாயின் கைக்குச் செல்லட்டும். புள்ளிகளைச் சேர்த்துக் கோடு வரைவதை மேல்வகுப்பு மாணவியரே தத்தம் அட்டையில் செய்யலாம். கணிதப் பாடத்தில் வரைபடத்தாள் ஏன் வந்தது என்பதும் அப்போது விளங்கும். புள்ளி தன் கோட்டை விட்டு இரண்டு கோடுகளைத் தாண்டிவிட்டாலோ, பருவ வளர்ச்சிக்கு முன் ஓராண்டில் நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவாக வளர்ந்திருந்தாலோ, மூன்றாம் கோட்டிற்குக் கீழே இருந்தாலோ வகுப்பாசிரியை தாயைத் தனியே அழைத்து, குடும்ப மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்டும்படி சொல்லட்டும். நோய் என்ன என்று சொல்வது ஆசிரியையின் வேலையன்று. காலத்தோடு சொல்வது மட்டுமே அவர் கடமை.

"ஆசிரியைகளுக்கு இருக்கிற வேலை போதாதா?" என்று சிலர் கேட்கலாம். ஒரு மாணவிக்கு ஆண்டில் இரண்டு முறை ஐந்து நிமிடம். அவளுடைய கையெழுத்துக்கும் சீருடைக்கும் நகத்துக்கும் நாம் செலவிடும் நேரத்தைவிட இது குறைவு. படிப்பில் ஒரு மாணவி கடந்த ஆண்டைவிடப் பின்தங்கினால் பெற்றோரை அழைத்துப் பேசுகிறோம். உடல் வளர்ச்சியில் அவள் பின்தங்கினால் ஒரு சொல்லும் சொல்லாமல் இருப்பது எந்த வகையில் நியாயம்?

பெற்றோரே, அட்டை வீட்டிற்கு வரும்போது பக்கத்து வீட்டுக் குழந்தையின் எண்ணைக் கேட்காதீர்கள். உங்கள் மகளின் சென்ற ஆண்டு எண்ணைக் கேளுங்கள். அக்காளும் தங்கையும்கூட ஒரே கோட்டில் செல்ல வேண்டும் என்பதில்லை. குடும்ப உயரத்தை அறிய வேண்டுமானால், தந்தையின் உயரத்தையும் தாயின் உயரத்தையும் சென்டிமீட்டரில் கூட்டி, 13ஐக் கழித்துப் பாதியாக்கினால் மகள் வளரக்கூடிய உயரம் ஏறத்தாழ வரும். அதற்கு மேலும் கீழும் எட்டு சென்டிமீட்டர் வரை வேறுபாடு இருக்கலாம். ஆனால் நீங்களே சிறுவயதில் பசியோடு வளர்ந்திருந்தால், உங்கள் உயரம் மகளுக்கு எல்லைக்கோடாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மாணவியரே, வரிசையின் முன்னால் நிற்பதும் பின்னால் நிற்பதும் உங்கள் திறமையும் அன்று, குற்றமும் அன்று. குட்டையான தோழியை அழைக்க வைத்திருக்கும் பட்டப்பெயரை இன்றோடு விட்டுவிடுங்கள். காலை உணவைத் தள்ளாதீர்கள். வீட்டில் முட்டை ஒன்று இருந்தால் பாதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சென்ற ஜூனில் நீங்கள் என்ன உயரம் இருந்தீர்கள் என்பது தெரியுமா? தெரியாவிட்டால் இன்று மாலையே சுவரோடு நின்று ஒருவரை அளக்கச் சொல்லி, நாளையும் சேர்த்துக் குறித்துவையுங்கள். வரும் ஆண்டு அதே நாளில் மீண்டும் அளந்து அந்த இரண்டாம் புள்ளியையும் வையுங்கள். அப்போது அட்டை உங்களுக்குப் பயன்படத் தொடங்கிவிடும்.